கதவோடு வந்து விழுகிறேன்

ஐயா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதியே பழகிய கை இது. இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்க முடியவில்லை. நான் நலமாக இல்லை. போன மாதம் திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் போனேன். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் போகிற வியாதி தொடங்கிவிட்டது என்று சொன்னார். எனக்கு முதலில் வார்த்தைகள் போகுமாம், பிறகு மற்றதும் போகுமாம். எத்தனை நாளில் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் நெதர்லாந்தில் உனக்கு டச்சு மொழிப் பரீட்சை இருக்கிறது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வதை டச்சுக்காரர்கள் 'கதவோடு சேர்ந்து வீட்டுக்குள் விழுவது' என்பார்கள் என்று நீதான் சொன்னாய். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்! இங்கிலீஷில் அதற்கு 'கம் டு தி பாயிண்ட்'. நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நீ கேட்டதற்கு, "நம்ம ஊர்ல அப்படி யாருல பேசுதா? பேசுனாத்தான அதுக்கு ஒரு வார்த்தை வேணும்" என்றேன். இன்று நானே கதவோடு வந்து விழுந்திருக்கிறேன். டியூட்டிக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து மீதியைப் படி. போனில் சொல்லலாம்தான். பெற்ற மகன் குரலைக் கேட்டால் என் வாயில் பொய்தான் வரும். அதனால்தான் தாளில் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

உனக்குத் தெரிந்ததையெல்லாம் திரும்ப எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. எனக்கு எல்லாவற்றையும் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ நர்சிங் படித்தது இங்கே, இங்கிலீஷில். நெதர்லாந்துக்குப் போய் இரண்டு வருஷமாக ஒரு முதியோர் விடுதியில் உதவியாளாக இருக்கிறாய். மொழிப் பரீட்சை தேறினால்தான் உன்னை நர்ஸ் என்று ஒப்புக்கொள்வார்கள். அதற்கு நீ வாங்கிய புத்தகத்தில் இடது பக்கம் இங்கிலீஷ் வினைச் சொல்வழக்குகள், வலது பக்கம் டச்சுக்கு வெற்றிடம். அங்கே டச்சு ஒரு பக்கம் உதைக்கிறது என்றால், இங்கிலீஷே பாதி உதைக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாய். நான் தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் இங்கிலீஷ் லெட்டர் டைப் அடித்தவள். நான் தமிழில் பொருள் சொல்வேன், நீ டச்சைத் தேடிப் பிடித்து எழுதுவாய், எழுதியதை எனக்கு விளக்கியும் சொல்வாய். 'கிவ் அப்' என்றால் அவர்களுக்குக் கைக்கோடாலியைக் கீழே வைப்பது. 'புட் ஆஃப்' என்றால் நீளமான பாதையில் தள்ளி விடுவது. 'மேக் அப் யுவர் மைண்ட்' என்றால் முடிச்சை வெட்டுவது. இதையெல்லாம் ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். உன் அப்பா போன பிறகு எனக்கு வாரத்தில் ஒரு நாள் விடிந்தது என்றால் அது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, நீ 'லுக் ஆஃப்டர்' என்றாய். அதைவிட லேசானது உன் புத்தகத்திலேயே கிடையாது. பொருள் எனக்குத் தெரிகிறது. நீ சின்னப் பிள்ளையாகக் காய்ச்சலில் கிடந்ததும், நான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கண் முன்னால் நிற்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை. தமிழ் வார்த்தை, ஐயா. பிறந்ததிலிருந்து பேசுகிற வார்த்தை. வாயைத் திறந்து மூடினேன். "எம்மா, லைன்ல இருக்கியா?" என்று நீ கேட்டாய். "சிக்னல் கெடைக்கல" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் கிடைத்தது. அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்து, 'பார்த்துக்கொள்வது' என்று தானாக வந்து விழுந்தது. அதை வாய்விட்டுப் பத்துத் தடவை சொன்னேன். திரும்பப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கவே எனக்குப் பயம் வந்துவிட்டது. நீ வேலை செய்வதே ஞாபகம் போனவர்களின் வார்டில்தானே. எல்லாப் பொருளுக்கும் 'அது' என்றே பேர் சொல்கிற ஒரு பாட்டியம்மாளைப் பற்றிச் சொன்னாய் அல்லவா, கரண்டியும் அது, செருப்பும் அது, பெற்ற மகளும் அது என்று? நீ பாவமாகத்தான் சொன்னாய். நான் இரண்டு வார்த்தை தடுமாறினால் போதும், நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் வீடியோ காலில் போனை மேலே சுற்றுகிற காற்றாடிக்கு நேராகத் திருப்பி வைத்தேன். கேமரா கெட்டுப்போச்சு என்றேன். நீ புதுப் போன் அனுப்புகிறேன் என்றதும் வெட்கமாகப் போய்விட்டது. பொய் சொல்லி மகனிடம் போன் வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டேன் பார்.

டாக்டரிடம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது ஒரு பஸ். கழுகுமலை ரோட்டில் நம் காட்டில் உளுந்து எடுக்க ஆள் விட்டிருந்தேன், பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். ஏறியது எதிர்த் திசையில் போகிற எட்டயபுரம் பஸ். கண்டக்டர் வந்து, "எக்கா, எங்கன இறங்குதீங்க?" என்று கேட்டார். ஊர்ப் பேர் வரவில்லை. அந்த ஊர் மலை தெரிகிறது, கோயில் தெரிகிறது, நம் காட்டில் மழை பெய்தால் செருப்போடு அப்பிக்கொண்டு வருகிற மண் தெரிகிறது, பேர் வரவில்லை. பின்னால் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். "கடைசியில" என்றேன். அவரும் கடைசி நிறுத்தத்துக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டார். எட்டயபுரத்தில் இறங்கி, எந்த ஊர் என்று போர்டைப் படித்துத் தெரிந்துகொண்டு, அங்கேயே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அதே பஸ் திரும்பும்போது அந்தக் கண்டக்டரே வந்து, "எக்கா, கோயில்பட்டிக்குத்தான வரணும்? ஏறுங்க" என்றார். அவர் முகத்தில் தெரிந்த இரக்கம்தான் என்னை அன்றைக்கு அதிகமாகப் பயமுறுத்தியது.

எதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று கேள். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்து போகிறேன். போன் அடித்தால் யார் குரல் என்று பிடிபடாமல் போய்விடுமோ என்று எடுக்கத் தயங்குகிறேன். நம் தெருவில் மூன்றாவது வீட்டில் வயதான அம்மா ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று, மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, வேறு என்ன செய்வார்கள்? பகலெல்லாம் அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவாள். முன்பு அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது நான் என் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நாசூக்காகப் பேசுவது என் தொழில். முதலாளி அறைக்குள் கூப்பிட்டு, "அந்தக் களவாணிப் பயலுக்கு இனிம ஒரு குச்சி கெடையாதுன்னு அடிம்மா" என்பார். நான் வெளியே வந்து, தங்களுடைய மேலான ஆர்டரைத் தற்சமயம் நிறைவேற்ற இயலாமைக்கு வருந்துகிறோம் என்று அடித்துக்கொண்டு போவேன். படித்துப் பார்த்துவிட்டு, "நான் பேசுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லயே!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். சரக்கு நனைந்து போயிருக்கும், சிறு தாமதம் என்று எழுதுவேன். ஆபீசில் எனக்கு அதற்காகவே நல்ல பேர். அந்தப் புத்தியோடுதான் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

அங்கே பெரிய டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் பேசினார். நோயாளிக்குப் புரிய வேண்டாம் என்று அவர்கள் செய்கிற வழக்கம்தான். கல்லீரல் முழுக்கப் புற்று பரவிவிட்டது, நான்கைந்து மாதம் இருந்தால் அதிகம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். இதைப் பதமாக அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் செய்து முடிக்க வேண்டியது எதுவும் இருந்தால் முடித்துக்கொள்ளட்டும் என்றார். உன் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டார். "கொஞ்சம் வீக்கமாம். மாத்திரையில சரியாயிரும்" என்றேன். முப்பது வருஷ அனுபவம், நாக்கு கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் சந்தோஷமாக இருந்தார். உன் சித்தப்பாவும் அவரும் வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இது உனக்குத் தெரியாது. அன்று சாத்தூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உடம்பு தேறட்டும். தை பிறந்ததும் நானே தம்பி வீட்டுக்குப் போயி, பேசிட்டு வந்துருதேன். எனக்கும் அவன விட்டா யாரு இருக்கா?" நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கே போங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று மூடிக்கொண்டேன். மார்கழி பதினெட்டில் அவர் போய்விட்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "ஏட்டி, அன்னைக்கு மதுரையில அந்த டாக்டரு எம்புட்டு நேரம் பேசுனாரு. நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியே. மிச்சத்த என்ன செஞ்ச?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். போட்டால், இவருக்கு எல்லாம் புரிந்துவிடுமே! "மிச்சமெல்லாம் மருந்துப் பேருதான்" என்றேன். அவர் கஞ்சி போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, ஐயா. தெரிந்துகொண்டு, அதைப் பேச ஓர் ஆள் இல்லாமல் ஒரு மாதம் தனியாகப் படுத்துக் கிடந்தார். பக்கத்திலேயே நான் இருந்தேன்.

உனக்குச் செய்ததும் அதேதான். அப்பாவுக்கு லேசாக உடம்பு சரியில்லை, நீ நர்சிங் பரீட்சையைப் பார் என்று சென்னையில் உட்கார வைத்தேன். உயிர் போன பிறகு, "சீரியஸா இருக்கு, உடனே வா" என்று செல்லையா மாமாவை விட்டுப் பேசச் சொன்னேன். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், வழியில் பிள்ளை மனம் ஒடிந்துவிடக் கூடாது என்று. நீ ரயிலில் பத்து மணி நேரம் வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாய். தெரு முனையில் பந்தலைப் பார்த்தாய். காரியமெல்லாம் முடிந்து கிளம்புகிற அன்று, "இனிம எனக்குச் சீரியஸ்னு மட்டும் யாரும் போன் போடாதிய" என்று சொல்லிவிட்டுப் போனாய். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இவ்வளவு நாளும் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், எல்லாம் என் பயம். அவர் அழுவதைப் பார்க்க எனக்குப் பயம், அதற்கு அவர் விலை கொடுத்தார். போன வருஷம் நீயும் அதைச் செய்தாய். என் மகன்தானே! விடுதியில் இருக்கிற ஒருவருடைய மகள் தன் அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நீ இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகச் சிரித்தார் என்று சுற்றி வளைத்திருக்கிறாய். இங்கிலீஷில் புதரைச் சுற்றி அடிப்பது என்பார்களே, டச்சில் அது சூடான கஞ்சியைச் சுற்றி வருவது. அந்த அம்மா, "கஞ்சியைச் சுற்றாதே தம்பி, உண்மையைச் சொல்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளாம். நீ வருத்தப்பட்டு என்னிடம் சொன்னாய். நானும், என்ன ஈவு இரக்கமில்லாத ஜனங்கள் என்று உனக்கு ஒத்து ஊதினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த மொழியை நன்றாகப் படி. யாராவது தன் உயிரைப் பற்றிக் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளதைச் சொல். சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிடாதே, கொஞ்ச நேரம் அங்கேயே இரு. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால் அவளிடமும் அப்படியே இரு.

இதை உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் செல்லையா மாமா கழுகுமலையில் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தான். "எக்கா, பரீட்சை முடியட்டும். பிள்ள அங்கன ஒத்தையில கெடக்கான். இப்பம் சொல்லி என்னத்துக்கு அவன் மனச ஒடிக்க?" என்றான். "அத்தான் கெடந்தப்பவும் நீ இதத்தாம்ல சொன்ன" என்றேன். வந்தது வந்தான் என்று அவனுக்கு ஒரு வேலை வைத்தேன். நான் போகும்போது உனக்குப் போன் பண்ண வேண்டியவன் அவன்தானே. என் தம்பிக்கு அப்போதும் 'சீரியஸ்' என்றுதான் வாய் வரும், எனக்குத் தெரியும். அதனால் அவன் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். 'அம்மா இறந்துவிட்டாள். இன்ன நாள், இன்ன மணி. நீ வருகிற வரை வைத்திருக்க வேண்டுமா என்பதை நீயே சொல்.' நாளுக்கும் மணிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தேன், ஆபீஸ் பழக்கம்.

"வாசிச்சுக் காட்டு" என்றேன். அவன் இரண்டாவது வரியிலிருந்து வாசித்தான். "முத வரிய விட்டுட்டியே" என்றேன். "தெரியும்க்கா" என்றான். மறுபடியும் ஆரம்பித்து, "மருமவனே, அம்மைக்குக் கொஞ்சம் சீரியஸா..." என்று தாளில் இல்லாததைச் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மூன்றாவது தடவை, கண்ணை மூடிக்கொண்டு முழுக்கச் சொல்லிவிட்டான். நான் கேட்டு வாங்கியதுதான். ஆனால் கூடப் பிறந்தவன் குரலில் அந்த முதல் வரியைக் கேட்டதும்தான் நான் சாகப் போகிறவள் என்று எனக்கு உறைத்தது. ஸ்கேன் எடுத்த அன்றுகூட எனக்கு அப்படி உறைக்கவில்லை. உள்ளே போய், இருவரும் குடிக்கக் காப்பி போட்டேன். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

இனி முடிவு உன்னுடையது. பரீட்சையை எழுதிவிட்டு வருவதா, இப்போதே வருவதா, வராமல் அங்கிருந்தே ஏதாவது ஏற்பாடு செய்வதா, எல்லாம் தெரிந்துகொண்டு நீ தீர்மானி. உன் அப்பாவிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டது அந்த ஒன்றைத்தான். எதைத் தீர்மானித்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த தடவை பரீட்சை ஆறு மாதம் கழித்து வரும் என்று நீ சொன்னதாக டைரியில் எழுதி வைத்திருக்கிறேன், சரிதானா பார்த்துக்கொள். ஆறு மாதத்தில் நான் எப்படி இருப்பேன் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். நீ வரும்போது உன் முகம் எனக்குத் தெரியும், பேர் வராமல் போகலாம். அப்படி ஆனால் நீயே சொல்லிவிடு, நான் வெட்கப்பட மாட்டேன்.

ஆனால் முடிவு உன்னுடையது என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டு, எனக்கு என்ன வேண்டும் என்பதை மறைத்தால் நான் திருந்தவே இல்லை என்று அர்த்தம். இங்கே ஒரு வரியை அடித்திருப்பதைப் பார்க்கிறாய் அல்லவா? 'ஒன்றும் அவசரமில்லை, நிதானமாக வா' என்று எழுதியிருந்தேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. நீ இப்போதே வா.

அம்மா